குடும்பச் சொத்துக் கைமாற்றமும் பத்திரம் எழுதியவரின் பொறுப்பும்

குடும்பச் சொத்து ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குப் போவதற்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் நான்கு வகை ஆவணங்களே பயன்படுகின்றன. உயிருடன் இருக்கும்போதே பிரதிபலன் வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுப்பது தான செட்டில்மென்ட். தமக்குப் பின் யாருக்கு எது சேர வேண்டும் என்று எழுதி வைப்பது உயில். பொதுவில் இருக்கும் சொத்தைப் பங்குதாரர்கள் தமக்குள் பிரித்துக்கொள்வது பாகப்பிரிவினை. ஒருவர் தம் பங்கை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுப்பது விடுதலைப் பத்திரம். கிரயப் பத்திரத்தில் பணம் கொடுப்பவர் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடு படிப்பார். குடும்பப் பத்திரத்தில் அப்படிப் படிக்க ஆள் இல்லை. அதனால் கிரயத்தில் உடனே பிடிபட்டுவிடும் பிழை இங்கே இருபது, முப்பது ஆண்டுகள் மறைந்து கிடந்து, எழுதிக் கொடுத்தவர் இறந்த பிறகோ, சொத்தை விற்கவோ வங்கியில் அடமானம் வைக்கவோ முயலும்போதோதான் வெளிப்படுகிறது. அப்படி வெளிப்பட்ட பிழையால் மகனோ மகளோ மனைவியோ சொத்தை இழந்தால், பத்திரத்தைத் தயாரித்த வழக்கறிஞரிடமோ ஆவண எழுத்தரிடமோ ஈடு கேட்க முடியுமா, முடியுமென்றால் எந்த மன்றத்தில், எத்தனை ஆண்டுகளுக்குள் என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. இந்தியச் சட்டம் இதற்குத் தரும் விடை, தவறு செய்தவரின் தொழில் நடத்தையைச் சுற்றி அமைந்திருக்கும் அளவுக்குச் சொத்தை இழந்தவரின் இழப்பைச் சுற்றி அமையவில்லை என்பதே ஆய்வின் முடிவாகக் கிடைக்கிறது.

பிழைகள் எப்படிப்பட்டவை என்பதை முதலில் பார்க்க வேண்டும். இந்துக் கூட்டுக் குடும்பத்தில் பிதிரார்ஜிதச் சொத்து, அதாவது முன்னோர் வழி வந்து பிரிபடாமல் கிடக்கும் சொத்து, தனி மனிதரின் சுயார்ஜிதச் சொத்தைப் போன்றதன்று. அதில் தமக்குள்ள பிரிபடாத பங்கை ஒருவர் மற்றப் பங்காளிகளின் சம்மதமின்றித் தானமாக எழுதிக் கொடுத்தால் அந்தத் தானம் செல்லாது என்று 1987-இல் தம்மா வெங்கட சுப்பம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் அதே பங்கை அதே மனிதர் உயிலாக எழுதி வைக்க 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு இடம் தருகிறது. தந்தையின் விருப்பமும் சொத்தும் பெறுபவரும் ஒன்றே; தலைப்பில் செட்டில்மென்ட் என்று எழுதினால் வீண், உயில் என்று எழுதினால் செல்லும். இந்த வேறுபாட்டை அறிந்து சொல்வதற்காகவே ஒரு குடும்பம் வழக்கறிஞரைத் தேடிப் போகிறது.

இன்னொரு பிழை பத்திரத்தின் நடுவில் வரும் ஒரே வாக்கியத்தில் இருக்கிறது. சொத்தைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தாலும் தம் ஆயுள் வரை வீட்டில் குடியிருக்கவும் வாடகை வாங்கவும் விரும்பும் பெற்றோர் ஏராளம். உரிமை இன்றே பிள்ளைக்குச் சேர்ந்து, அனுபவம் மட்டும் பெற்றோரிடம் தங்கினால் அது முழுமையான தானமே என்பதை 2014-இல் ரேணிகுண்ட்லா ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மாறாக, ‘என் ஆயுட்காலம் வரை நானே சர்வ சுதந்திரமாக ஆண்டு அனுபவித்து, என் காலத்திற்குப் பின் என் மகன் அடைய வேண்டியது’ என்று எழுதிவிட்டால், இன்று எதுவும் கைமாறவில்லை என்றும், தலைப்பு எதுவாயினும் உள்ளடக்கத்தில் அது உயிலே என்றும் எதிர்த்தரப்பு வாதிட முடியும். உயிலாகிவிட்டால் எழுதியவர் எப்போது வேண்டுமானாலும் அதை மாற்றலாம், அதே சொத்தை வேறொருவருக்குக் கிரயமும் செய்யலாம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் கட்டி, பட்டாவையும் தம் பெயருக்கு மாற்றிக்கொண்ட மகன், பழைய மாதிரியிலிருந்து பெயர்த்தெழுதிய ஒரு வாக்கியத்தால் வெறுங்கையனாகலாம்.

பெற்றோர் பக்கத்திலும் இதே அளவு ஆபத்து உண்டு. 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்த முதியவர், பெற்றவர் அந்த நிபந்தனையை மீறினால் தீர்ப்பாயத்தின் மூலம் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம். அந்த நிபந்தனை இருந்ததாக நிறுவப்படாவிட்டால் 23-ஆம் பிரிவு பயன்படாது என்று 2022 டிசம்பரில் சுதேஷ் சிக்காரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீக்ஷித் வழக்கில் சட்டத்தின் நோக்கத்தை முன்னிறுத்தித் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்ற திசையில் அதே நீதிமன்றம் நகர்ந்தது. அன்பும் பாசமும் காரணமாக எழுதப்பட்ட பத்திரத்தில் பராமரிப்பு நிபந்தனை உள்ளடங்கியிருப்பதாகக் கொள்ளலாம் என்ற கருத்தை அவ்வாண்டே சென்னை உயர் நீதிமன்றமும் வெளியிட்டது. நீதிமன்றங்கள் இவ்வளவு முயன்று நிரப்ப வேண்டியிருக்கும் இடைவெளி, பத்திரம் எழுதும்போது ஒரு வரி சேர்த்திருந்தால் இருந்திருக்காது. அந்த வரியைச் சேர்க்கலாம் என்று எழுபது வயது முதியவரிடம் சொல்லாமல் விடுவதைக் காலத்தின் தவறு என்றோ பிள்ளையின் தவறு என்றோ மட்டும் தள்ளிவிட முடியாது. ஆலோசனை கூற வேண்டியவர் கூறாத தவறும் அதில் இருக்கிறது.

சமயம் சார்ந்த சட்டங்கள் இன்னொரு கண்ணி. உயிலில் சான்றொப்பமிட்ட சாட்சிக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ அதே உயிலில் எழுதப்பட்ட கொடை செல்லாது என்கிறது 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு. சான்றொப்பம் என்பது, எழுதுபவர் கையெழுத்திடுவதைக் கண்டோ, கையெழுத்து தம்முடையதே என்று அவர் ஒப்புக்கொள்ளக் கேட்டோ, அவர் முன்னிலையில் சாட்சி தம் கையெழுத்தை இடுவது. இந்துக்களின் உயில்களுக்குப் பொருந்தும் பிரிவுகளின் பட்டியலில் 67 இடம்பெறவில்லை. கிறித்தவர்களின் உயில்களுக்கு அது முழுமையாகப் பொருந்தும். இந்துக் கட்சிக்காரர்களுக்கே எழுதிப் பழகிய ஒருவர், தூத்துக்குடியிலோ நாகர்கோவிலிலோ ஒரு கிறித்தவக் குடும்பத்தின் உயிலில் மருமகனையே சாட்சியாகக் கையெழுத்திடச் செய்தால், மகளுக்கு எழுதிய வீடு அந்தக் கையெழுத்தோடு போய்விடும்.

இப்பத்திரங்களை எழுதுபவர்கள் எல்லோரும் வழக்கறிஞர்கள் அல்லர். சார்பதிவாளர் அலுவலகங்களை ஒட்டி உரிமம் பெற்ற ஆவண எழுத்தர்கள் காலங்காலமாக இப்பணியைச் செய்து வருகின்றனர். அவர்களுக்கென்று 1982-ஆம் ஆண்டு முதல் தனி உரிம விதிகளும் உள்ளன. பத்திரம் பதிவாகிவிட்டதால் அரசே அதைச் சரிபார்த்துவிட்டது என்று மக்கள் நம்புகின்றனர். அந்த நம்பிக்கைக்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை. மூல ஆவணத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கச் சார்பதிவாளருக்கு இடமளித்த தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-ஏ-யை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியபோது, எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது பதிவு அலுவலரின் வேலையன்று என்பதையே காரணமாகக் கூறியது. பத்திரத்தின் உள்ளடக்கத்தைப் படித்துப் பொருள் சொல்லக் கடமைப்பட்டவர் அதை எழுதியவர் ஒருவரே என்றாகிறது.

வழக்கறிஞர் கவனக்குறைவுக்குப் பொறுப்பாவாரா என்ற அடிப்படைக் கேள்விக்கு இந்தியச் சட்டம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே விடை கூறிவிட்டது. 1926-ஆம் ஆண்டுச் சட்டத் தொழிலாளர் கட்டணச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, தொழில் கடமையில் காட்டிய கவனக்குறைவால் ஏற்பட்ட இழப்புக்காக வழக்குத் தொடரப்படுவதிலிருந்து, வழக்கறிஞர் என்ற ஒரே காரணத்தால் எவரும் விலக்குப் பெறமாட்டார் என்கிறது. இங்கிலாந்தில் நீதிமன்றத்தில் வாதாடும் பாரிஸ்டர்களுக்கு இருந்த விலக்கு 2000-ஆம் ஆண்டில்தான் பிரபுக்கள் சபையின் தீர்ப்பால் முழுமையாக நீங்கியது என்பதை எண்ணினால், இந்தியச் சட்டம் இதில் முந்திக்கொண்டது பெருமைக்குரியதே. ஆயினும் அப்பிரிவை நம்பி உரிமையியல் நீதிமன்றத்தில் ஈடு கேட்கும் வழக்குகள் அரிது. சட்டப் புத்தகத்தில் இருக்கும் அளவுக்கு அது நடைமுறையில் இல்லை.

கவனக்குறைவு எது என்பதற்கான அளவுகோல் மருத்துவர்களுக்கு உரியதை ஒத்ததே. அத்தொழிலில் சாதாரணத் திறமையுள்ள ஒருவர் அச்சூழலில் காட்டியிருக்கும் கவனத்தைக் காட்டினாரா என்பதே சோதனை என்றும், வழக்கறிஞர் வெற்றிக்கு உத்தரவாதம் தருபவர் அல்லர் என்றும் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. சட்டம் அன்றைக்கு என்ன நிலையில் இருந்தது என்பதைக் கொண்டே ஆலோசனை அளக்கப்பட வேண்டும். மகளுக்குப் பிதிரார்ஜிதச் சொத்தில் பங்கு உண்டா என்ற கேள்வி இதற்கு நல்ல சான்று. தமிழ்நாடு 1989-இல் திருமணமாகாத மகள்களுக்கு அவ்வுரிமையைத் தந்தது. 2005-இல் மத்தியச் சட்டம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. 2015-இல் பிரகாஷ் எதிர் பூலவதி வழக்கில், 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. 2016-இல் ஒரு பாகப்பிரிவினையில், தந்தை முன்பே இறந்துவிட்டதால் மகளுக்குப் பங்கில்லை என்று சொன்ன வழக்கறிஞர், பின்னர் சட்டம் மாறியதாலேயே கவனக்குறைவானவர் ஆகிவிடமாட்டார். 2021-இல் அதே ஆலோசனையைச் சொன்னவருக்கு அந்தக் காப்பு இல்லை.

கடினமான பகுதி இனிமேல்தான் வருகிறது. கட்சிக்காரரே இழந்தால், அவருக்கும் வழக்கறிஞருக்கும் இடையில் ஒப்பந்தம் இருப்பதால் வழி எளிது. குடும்பச் சொத்துக் கைமாற்றத்தில் கட்டணம் கொடுத்து ஆளை அமர்த்துபவர் தந்தை. பத்திரம் பழுதானால் இழப்பவர் மகள். மகளுக்கு வழக்கறிஞரோடு ஒப்பந்தம் கிடையாது. தந்தையின் சட்டப் பிரதிநிதி என்ற முறையில் மகள் வழக்குத் தொடரலாமா என்றால், இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 306-ஆம் பிரிவு இறந்தவரின் வழக்குரிமைகளில் பெரும்பாலானவற்றைப் பிரதிநிதிகளுக்குக் கடத்துகிறது என்பது உண்மையே. ஆனால் தானம் செல்லாமற்போனால் சொத்து தந்தையின் பொதுச் சொத்திலேயே தங்கி எல்லா வாரிசுகளுக்கும் பிரிகிறது, தந்தைக்கோ அவர் விட்டுச்சென்ற சொத்துத் தொகுதிக்கோ எந்த நட்டமும் இல்லை. வழக்குரிமை உள்ளவருக்கு இழப்பில்லை. இழந்தவருக்கு வழக்குரிமை இல்லை.

இந்த முடிச்சை ஆங்கில நாடுகளின் நீதிமன்றங்கள் வெவ்வேறு விதமாக அவிழ்த்தன. கலிஃபோர்னியாவில் 1958-இல் பியாகாஞ்சா எதிர் இர்விங் வழக்கு இதன் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. அங்கே உயில் எழுதியவர் வழக்கறிஞர்கூட அல்லர், ஒரு நோட்டரி. முறையாகச் சான்றொப்பம் பெறாததால் உயில் வீணாகி, முழுச் சொத்தையும் பெற வேண்டிய சகோதரி எட்டில் ஒரு பங்கையே பெற்றார்; ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் நோட்டரி பொறுப்பே என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இங்கிலாந்தில் ராஸ் எதிர் காண்டர்ஸ் வழக்கில், கொடை பெறும் பெண்ணின் கணவரையே சாட்சியாக விட்ட சொலிசிட்டர் ஈடு தர வேண்டும் என்று நீதிபதி மெகாரி கூறினார். ஆனால் இத்துறையில் நிலைத்த பெயர் 1995-ஆம் ஆண்டின் வைட் எதிர் ஜோன்ஸ். மனைவி இறந்தபின் இரு மகள்களோடு பிணக்குற்ற முதியவர் ஒருவர் 1986 மார்ச்சில் அவர்களை விலக்கி உயில் எழுதினார். சில மாதங்களில் சமாதானமாகி, ஒவ்வொருவருக்கும் 9,000 பவுண்டு தரும் புதிய உயிலைத் தயாரிக்கச் சொல்லி ஜூலையில் தம் சொலிசிட்டர்களுக்குக் கடிதம் எழுதினார். செப்டம்பர் 14 அன்று அவர் இறந்தபோது புதிய உயில் எழுதப்படவே இல்லை. பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் மகள்களுக்கு ஈடு வழங்கியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய கோஃப் பிரபு, இருக்கும் கோட்பாடுகளில் எதுவும் இவ்வழக்குக்கு முழுதாகப் பொருந்தவில்லை என்பதை மறைக்காமலேயே, இழந்தவருக்கு வழியில்லாத நிலையைச் சட்டம் சகித்துக்கொள்ளக் கூடாது என்பதை அடிப்படையாகக் கொண்டார். மாறுபட்ட இருவரின் கவலையும் அற்பமானதன்று: ஒருவரோடு செய்த ஒப்பந்தம் எப்படி இன்னொருவருக்குக் கடமையாகும் என்ற அவர்களின் கேள்விக்கு இன்றளவும் நிறைவான விடை இல்லை.

வைட் வழக்கின் கொள்கைக்கு வரம்புகளும் உண்டு. குடும்பச் செட்டில்மென்டுகளுக்கு அவ்வரம்புகளே முக்கியம். 1993-இல் தீர்க்கப்பட்ட ஹெம்மென்ஸ் எதிர் வில்சன் பிரவுன் வழக்கில், உயிருடன் இருக்கும் ஒருவர் பிறருக்குச் சொத்தில் உரிமை தர எழுதிய ஆவணம் பயனற்றுப் போனது. கொடுப்பவர் உயிரோடிருப்பதால் மனமிருந்தால் இன்னொரு பத்திரம் எழுதிக் கொடுக்கலாம், மனமில்லை என்றால் அது அவர் உரிமை, ஆகவே பெறவிருந்தவருக்கு வழக்கறிஞர் பொறுப்பில்லை என்று ஆங்கில நீதிமன்றம் கூறியது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1997-இல் ஹில் எதிர் வான் எர்ப் வழக்கில் கொடை பெறுபவருக்கு ஈடு வழங்கியபோதும், 2016-இல் படெனாக் எதிர் கால்வர்ட் வழக்கில் எல்லை வகுத்தது: உயிலின் பயன் குறையாதிருக்க உயிரோடிருக்கும்போதே சொத்தை மாற்றலாம் என்று ஆலோசனை கூறாத குறைக்குக் கொடை பெறுபவரிடம் வழக்கறிஞர் பொறுப்பாகமாட்டார். இவ்வெல்லைகள் நியாயமானவையே. கொடுப்பவரின் நலனும் பெறுபவரின் நலனும் எதிரெதிராக வரக்கூடிய இடத்தில் வழக்கறிஞர் இருவருக்கும் கடமைப்பட முடியாது. ஆனால் கொடுத்தவர் பிழையை அறியாமலேயே இறந்துவிட்டால் திருத்தும் வாய்ப்பு மூடிப்போகிறது. அந்நிலையில் செட்டில்மென்டுக்கும் உயிலுக்கும் இடையே வேறுபாடு காண்பதற்குக் காரணம் இல்லை.

இந்தியாவில் இந்த வாதங்கள் எதுவும் நிலைபெற்ற விதியாக வளரவில்லை. வளர்வதற்கு முன்பே வேறொரு சட்டம் அந்த முடிச்சை அவிழ்த்து வைத்திருந்தது என்பதுதான் கவனிக்கத் தக்கது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 1986-ஆம் ஆண்டு வடிவிலும் 2019-ஆம் ஆண்டு வடிவிலும், பணம் கொடுத்துச் சேவையை அமர்த்தியவரை மட்டுமின்றி அவருடைய இசைவோடு அச்சேவையின் பயனைப் பெறுபவரையும் நுகர்வோர் என்றே கொள்கிறது. தந்தை கட்டணம் கொடுக்க, மகளுக்காக எழுதப்பட்ட செட்டில்மென்டில் மகள் பயன்பெறுபவர். பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டாகப் பிரிந்து நின்று தேடிய வழி இந்த வரையறையில் ஒரு சொற்றொடராகக் கிடந்தது. மருத்துவர்களின் சேவை இச்சட்டத்திற்குள் வரும் என்று 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதைப் பின்பற்றி, 2007-இல் தேசிய நுகர்வோர் ஆணையம் வழக்கறிஞர்களையும் உள்ளே கொண்டுவந்தது. 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் அம்முடிவை மாற்றியது. கட்சிக்காரரின் நேரடிக் கட்டுப்பாட்டின் கீழ் வழக்கறிஞர் இயங்குவதால் அது தனிப்பட்ட பணி ஒப்பந்தம் என்றும், அத்தகைய பணியைச் சட்டமே விலக்கியுள்ளது என்றும், சட்டத் தொழில் தனக்கே உரிய இயல்புடையது என்றும் நீதிமன்றம் கருதியது.

அத்தீர்ப்புக்கு அடிப்படையான தகராறு காசோலை திரும்பிய ஒரு வழக்கை நடத்தியதைப் பற்றியது. நீதிமன்றத்தில் வாதாடும் பணியை மனத்தில் கொண்டே அதன் காரணங்கள் அமைந்துள்ளன. நீதிமன்றத்தில் என்ன வாதிட வேண்டும், எந்தச் சமரசத்தை ஏற்க வேண்டும் என்பதில் கட்சிக்காரரின் கட்டளைக்கு இடம் உண்டு. சான்றொப்பம் எப்படிப் பெற வேண்டும், பிரிபடாத பங்கைத் தானம் செய்யலாமா என்பதில் எந்தக் கட்சிக்காரரும் கட்டளையிடுவதில்லை. கட்டளையிட அறிந்திருந்தால் அவர் வழக்கறிஞரிடம் போயிருக்கவேமாட்டார். கட்டுப்பாடு என்ற காரணம் பத்திரம் எழுதும் பணிக்கு வலுவாகப் பொருந்தவில்லை என்பதே சரியான வாசிப்பாகத் தோன்றுகிறது. ஆயினும் தீர்ப்பின் சொற்கள் விரிவானவை, கீழ் மன்றங்கள் அவற்றைச் சுருக்கிப் பொருள் கொள்ளும் என்று எதிர்பார்ப்பது கடினம். இதன் விளைவாக ஒரு முரண் நிற்கிறது: ஆவண எழுத்தர் வழக்கறிஞர் அல்லர் என்பதால் அத்தீர்ப்பின் பாதுகாப்பு அவருக்குக் கிடைக்காது என வாதிட முடியும், ஒரே பிழையைச் செய்த இருவரில் அதிகம் படித்தவருக்கு நுகர்வோர் மன்றத்திலிருந்து விலக்கு, குறைவாகப் படித்தவருக்கு இல்லை.

மன்றம் மாறுவதால் செலவும் மாறுகிறது. நுகர்வோர் ஆணையத்தில் சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்திற்குள் இருந்தால் கட்டணமே இல்லை. பத்திரம் எழுதும் கூலி ஒருபோதும் அவ்வளவு வராது. உரிமையியல் நீதிமன்றத்தில் ஈட்டுத் தொகை கேட்டால், தமிழ்நாட்டில் 2017-இல் 7.5 விழுக்காட்டிலிருந்து குறைக்கப்பட்ட பிறகும் 3 விழுக்காடு நீதிமன்றக் கட்டணம் உண்டு. 30 லட்சம் ரூபாய் வீட்டை இழந்த மகள் வாசலிலேயே 90,000 ரூபாய் கட்ட வேண்டும்.

காலவரையறை இதைவிடக் கொடியது. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 4-ஆம் இனம், முகவரின் கவனக்குறைவுக்காக அவரை அமர்த்திய முதல்வர் தொடரும் வழக்குக்கு, கவனக்குறைவு தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு தருகிறது. வழக்கறிஞர் கட்சிக்காரரின் முகவரே என்று 2015-இல் ஹிமாலயன் கூட்டுறவு வீட்டுச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், கட்சிக்காரர் இந்த இனத்தை நாடலாம். மறைந்து கிடக்கும் பிழைக்கு அது மிகப் பொருத்தமான விதி. ஆனால் மகள் முதல்வர் அல்லள். அவளுடைய வழக்கு, வேறெங்கும் குறிப்பிடப்படாதவற்றுக்கான 113-ஆம் இனத்தில் விழும். அங்கே மூன்று ஆண்டு, வழக்குரிமை எழும் நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது, தெரியவந்த நாளிலிருந்து அன்று. வழக்குரிமை எழுந்தது பத்திரம் எழுதிய நாளிலா, தந்தை இறந்த நாளிலா, தானம் செல்லாது என்று தீர்ப்பான நாளிலா என்பதே தனி வழக்காகிவிடும். இங்கிலாந்து 1986-ஆம் ஆண்டு மறைநிலைச் சேதச் சட்டத்தால், தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு, எப்படியாயினும் தவறு நடந்ததிலிருந்து பதினைந்து ஆண்டுக்கு மேல் போகாது என்று இரு பக்கத்துக்கும் பொதுவான ஒரு வரம்பை வைத்துவிட்டது. குடும்பச் சொத்தில் பதினைந்து ஆண்டும் போதாமல் போகலாம். ஆனால் அறியாத பிழைக்கு மூன்றே ஆண்டு என்பதைவிட அது எவ்வளவோ மேல்.

பார் கவுன்சிலிடம் புகார் செய்வது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவு கண்டிக்கவும், தொழிலிலிருந்து இடைநீக்கவும், பட்டியலிலிருந்து பெயரை நீக்கவும் அதிகாரம் தருகிறது. இழந்த சொத்துக்கு ஈடு வாங்கித் தர அதில் ஏற்பாடு இல்லை. அதுமட்டுமின்றி, நெறிகேடு இல்லாத வெறும் கவனக்குறைவும் தவறான ஆலோசனையும் தொழில் ஒழுங்கீனம் ஆகா என்று 1983-இல் பாண்டுரங் கண்டேகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கோடு கிழித்தது. குற்றவியல் வழியும் ஏறத்தாழ மூடியதே: வங்கிக்குத் தவறான சொத்துரிமைக் கருத்துரை கொடுத்த குழு வழக்கறிஞர் மீதான வழக்கை 2012-இல் நாராயண ராவ் வழக்கில் தள்ளுபடி செய்த நீதிமன்றம், சதியில் பங்கு இருந்ததற்குச் சான்றில்லாமல் பிழையான கருத்துக்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்றது. இவ்விரு முடிவுகளும் தம்மளவில் சரியே. நேர்மையாகத் தவறிழைத்தவரைச் சிறைக்கு அனுப்புவதால் எந்தக் குடும்பத்துக்கும் வீடு திரும்பாது. அதனாலேயே ஈடு தரும் வழி திறந்திருக்க வேண்டியது மேலும் இன்றியமையாததாகிறது.

இழந்தவர்களில் மிகுதியாகக் கவனிக்கப்படாதவர்கள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடும் சகோதரிகள். அண்ணன் அமர்த்திய வழக்கறிஞரே பத்திரம் எழுதி, அவரே தங்கைக்கு வாசித்துக் காட்டி, அவரே சாட்சியையும் ஏற்பாடு செய்கிறார். ஒரு தரப்புக்கு ஆலோசனை கூறியவர் எதிர்த்தரப்புக்காக இயங்கக் கூடாது என்ற பார் கவுன்சில் விதி நீதிமன்ற வழக்கை எண்ணி எழுதப்பட்டது. பங்கைக் கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எதிர்த்தரப்பு இருப்பதாகவே யாரும் நினைப்பதில்லை. தமக்கு எவ்வளவு பங்கு சட்டப்படி உண்டு, அதன் இன்றைய மதிப்பு என்ன, மறுத்தால் என்ன ஆகும் என்ற மூன்றையும் அண்ணனுக்குக் கடமைப்படாத ஒருவர் தங்கைக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்பதே நியாயமான தொழில் தரம். அதைச் செய்யாத வழக்கறிஞரைத் தங்கை கேள்வி கேட்டால், அவள் தம் கட்சிக்காரரே அல்லள் என்ற விடை ஆயத்தமாக இருக்கும்.

இலங்கையில் இந்த விடை அவ்வளவு எளிதில் எடுபடாது. 1840-ஆம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி அங்கே அசையாச் சொத்து மாற்றம் உரிமம் பெற்ற நொத்தாரிசு ஒருவரும் இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிலையில் இருக்கவே நிறைவேற வேண்டும். ஆவணத்தின் அடியில் நொத்தாரிசு அளிக்கும் அத்தாட்சி, வாசித்து விளங்கப்படுத்தப்பட்டதற்கு அவரே பொறுப்பு என்பதை ஆவணத்திலேயே பதித்துவிடுகிறது. யாழ்ப்பாணத் தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தம் அசையாச் சொத்தை உயிரோடிருக்கும்போது கைமாற்றக் கணவரின் எழுத்துமூல இசைவு வேண்டும் என்ற 1911-ஆம் ஆண்டு விதியைக் கவனிக்கத் தவறினால், அத்தவறு யாருடையது என்று தேட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் தவறு யாருடையது என்று தெரிந்தாலும் நிரூபிப்பது கடினம். வழக்கறிஞரை அமர்த்தியதற்கு எழுத்துமூல ஒப்பந்தம் இருப்பதில்லை; கட்டணத்துக்கு ரசீது இருப்பதில்லை; என்ன கேட்டார், என்ன சொல்லப்பட்டது என்ற குறிப்பு எந்தக் கட்டிலும் இருப்பதில்லை. பதிவான பத்திரத்தின் ஓரத்தில் தயாரித்தவரின் பெயரும் கையெழுத்தும் மட்டுமே எஞ்சுகின்றன. நிரூபித்து வென்றாலும், பெரிய தொகையைத் தனியொரு வழக்கறிஞரிடமிருந்து வசூலிப்பது அரிது. இங்கிலாந்தில் சொலிசிட்டர்கள் தொழில் பொறுப்புக் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் 1976 முதல் இருந்து வருகிறது. வைட் வழக்கின் தீர்ப்பு அங்கே பயனளிப்பதற்குப் பின்னால் இந்தக் காப்பீடு நிற்கிறது. இந்தியாவில் அத்தகைய கட்டாயம் இல்லை.

ஈட்டுக்கு முன்னால் திருத்தம் என்ற வழியும் சோதிக்கப்பட வேண்டும். சர்வே எண்ணோ உட்பிரிவோ நான்கு எல்லைகளோ தவறாக இருந்தால், எழுதிக் கொடுத்தவர் உயிருடன் இருக்கும்வரை பிழைத்திருத்தல் பத்திரம் போதும். இறந்துவிட்டால் 1963-ஆம் ஆண்டுக் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின் கீழ், இரு தரப்பின் பொதுவான பிழையால் ஆவணம் உண்மையான நோக்கத்தை வெளிப்படுத்தவில்லை என்று காட்டி நீதிமன்றத்தில் திருத்தம் கேட்கலாம். பிழையின் விளைவிலிருந்து நிவாரணம் கேட்கும் வழக்குக்குக் காலவரையறைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிழையை அறிந்த நாளிலிருந்தே காலம் ஓடும் என்ற சலுகையையும் தருகிறது. சட்டப்படியே செல்லாத தானத்தையும் சாட்சியில்லாத உயிலையும் இந்த வழியால் மீட்க முடியாது; எல்லை விவரப் பிழைகளில் பெரும்பகுதியை மீட்க முடியும். திருத்த வழக்குக்கு ஆன செலவையாவது பிழை செய்தவரிடம் கேட்பது, முழு ஈடு கேட்பதைவிட நீதிமன்றங்கள் எளிதில் ஏற்கக்கூடிய கோரிக்கை.

இவற்றில் எது யாரால் மாறக்கூடும் என்பதும் ஒரே மாதிரியானதன்று. கட்சிக்காரர் அல்லாத பயன்பெறுபவருக்கு வழக்கறிஞர் கடமைப்படுகிறார் என்று கூறுவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. தீங்கியல் சட்டம், அதாவது ஒப்பந்தம் இல்லாமலேயே ஒருவர் மற்றவருக்கு இழைக்கும் கேட்டுக்கான ஈட்டுச் சட்டம், நீதிபதிகளின் கையிலேயே வளர்ந்தது, 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5-ஆம் பிரிவும் கட்சிக்காரரின் இழப்பு என்று குறுக்காமல் இழப்பு என்றே பேசுகிறது. காலவரையறையின் 4-ஆம் இனத்தில் உள்ள விதியை முதல்வர் அல்லாதவருக்கும் விரிப்பது நாடாளுமன்றத்தின் வேலை. எழுத்துமூல அமர்த்தல் கடிதம், ரசீது, தொழில் பொறுப்புக் காப்பீடு ஆகிய மூன்றையும் கட்டாயமாக்க வழக்கறிஞர்கள் சட்டத்தின் 49-ஆம் பிரிவின் கீழ் விதி செய்யும் அதிகாரம் இந்திய பார் கவுன்சிலிடம் இன்றே இருக்கிறது. நுகர்வோர் மன்றத்திலிருந்து விலக்குப் பெற்ற ஒரு தொழில், அந்த விலக்கைக் கேட்டபோது தன்னைத் தானே நெறிப்படுத்திக்கொள்ளும் என்று கூறியதற்கு முதல் சான்றாக அதைத் தரலாம்.